முதுமைக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

நம்மவர்களின் பழைய வைத்தியத் திட்டம் மிகவும் சுருக்கமானது. உடம்புக்கு முடியாமற்போனால், கடையைத் தம்பியிடமோ மருமகனிடமோ ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறி ஊர் போய்ச் சேர்வதுதான் அது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நாகப்பட்டினம் திரும்பும் பயணங்களில் அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களிடையே, முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்து நீரிழிவையும் மூட்டுவலியையும் சம்பாதித்துக்கொண்ட நம் முன்னோரும் இருந்தார்கள். ஊரில் மனைவி மக்கள் இருந்தார்கள். கஞ்சி வைத்துக் கொடுக்க உறவு இருந்தது. அதுவே அவர்களுக்கு ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸும் ஆயிற்று.

இன்று அந்தத் திட்டம் செல்லாது. பிள்ளைகள் இங்கே வேலை பார்க்கிறார்கள். பேரப்பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். ஊர் வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வருள் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பார் என்று சர்க்கார் கணித்திருக்கிறது. அந்த நால்வருள் ஒருவராக நம் கடை முதலாளிகளும் இருக்கப்போகிறார்கள். ஆகவே, இந்நாட்டிலேயே முதுமையைக் கழிப்பதற்கு வேண்டிய கணக்கை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் நாம் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் அங்கத்தினர் ஒருவர், 1951இல் பிறந்தவர், சில்லறைக் கடை வைத்திருந்தார். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் அடைப்பார். இரத்த அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை விலை அதிகம் என்று எண்ணி, ஒன்றை இரண்டாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டாருக்கு அது தெரியாது. ஒரு நாள் கடையிலேயே பக்கவாதம் தாக்கி வலப்புறம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. நாம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அவருடைய மகனோடு கடைக்குத் திரும்பிக் கல்லாவுக்குக் கீழிருந்த இழுப்பறையைத் திறந்தோம். பிரிக்காத கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. அவற்றுள் ஒன்றில், 2019இல் அவருக்கு அனுப்பப்பட்ட மெர்டேக்கா தலைமுறை அட்டை, காகிதத்தில் ஒட்டியபடியே இருந்தது. அந்த அட்டையை ‘சாஸ்’ கிளினிக்கில் காட்டியிருந்தால், அவர் உடைத்துத் தின்ற மாத்திரைக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே சலுகை கிடைத்திருக்கும்.

இந்த நாட்டில் முதியோருக்கு உதவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், அந்த உதவிகள் பலவும் கடிதமாகத்தான் வருகின்றன. கம்பெனி உத்தியோகஸ்தருக்குக் கடிதத்தை விளக்கிச் சொல்ல ஆபீஸ் இருக்கிறது. வீட்டிலிருக்கும் முதியவரைத் தேடி, 2014இல் தொடங்கப்பட்டு இப்போது முதுமைத் தலைமுறை அலுவலகம் எனப்படும் அமைப்பின் தொண்டர்கள் கதவைத் தட்டுகிறார்கள். நம் வியாபாரி ஆபீஸிலும் இல்லை, வீட்டிலும் இல்லை, கடையில் இருக்கிறார். அதனால்தான் நம்மவர் கையில் இது சேராமற்போகிறது.

இனிப் பாடத்துக்கு வருவோம். ஒவ்வொருவரும் தம் அடையாள அட்டையை எடுத்து முன்னே வைத்துக்கொண்டு இதைப் படித்தால் நல்லது.

அட்டையின் நிறமும், குடியுரிமை வாங்கிய வருஷமும்தான் கணக்கின் முதல் வரி. 1949 டிசம்பர் 31க்குள் பிறந்து, 1986 முடிவதற்குள் குடியுரிமை பெற்றவர் முன்னோடித் தலைமுறையினர். 1950 முதல் 1959 முடிய உள்ள பத்தாண்டில் பிறந்து, 1996 முடிவதற்குள் குடியுரிமை பெற்றவர் மெர்டேக்கா தலைமுறையினர். பலதுறை மருந்தகத்தில் சர்க்கார் சலுகை கழித்த பின் வரும் கட்டணத்தில், முன்னையவருக்குப் பாதியும் பின்னையவருக்குக் கால் பங்கும் மேலும் குறையும். மெடிஷீல்டு லைஃப் சந்தாவிலும் இரு சாராருக்கும் தள்ளுபடி உண்டு.

இங்கே நம் சமூகத்துக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1957ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டம், இங்கே நெடுநாள் வாழ்ந்தவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது. நம்மில் பலர், ‘எப்படியும் ஊருக்குப் போகப்போகிறவர்தாமே’ என்று அந்தக் கதவைத் தாண்டாமலே நின்றார்கள். சிலர் 1990களின் இறுதியில்தான் விண்ணப்பித்தார்கள். சிலர் இன்றும் நீல அட்டையோடு நிரந்தரவாசிகளாகவே இருக்கிறார்கள். நிரந்தரவாசிக்கு மெடிஷீல்டு லைஃப் உண்டு. ஆஸ்பத்திரிச் சலுகையும் குறைந்த அளவில் உண்டு. ஆனால், சாஸ் அட்டை இல்லை. தலைமுறை அட்டைகள் இல்லை. மெடிஃபண்ட் உதவியும் இல்லை. இவற்றைவிடக் கடினமானது, வாழ்நாளெல்லாம் ஊரில் இருந்துவிட்டு முதிய வயதில் நீண்டகால வருகை அனுமதியில் இங்கே வந்திருக்கும் தாய்மாரின் நிலை. அவர்களுக்கு ஆஸ்பத்திரியில் எந்தச் சலுகையும் கிடையாது. முழுக் கட்டணமும் நம் கையிலிருந்துதான். உம்மாவை அழைத்து வந்திருப்பவர்கள் தனியார் இன்சூரன்ஸோ, தனியாக ஒரு சேமிப்போ இன்றே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

குடிமகனாக இருந்தும் இரண்டு தலைமுறை அட்டைகளிலும் சேராதவர் மனம் தளர வேண்டாம். 1973ஆம் வருஷமோ அதற்கு முன்போ பிறந்த குடிமக்களின் மெடிசேவ் கணக்கில், மஜூலா திட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் போனஸ் போடப்பட்டது. பார்த்தீர்களா என்று கேட்டால், பாதிப்பேர் விழிக்கிறார்கள்.

நிற்க. மெடிசேவ் என்றோம். வியாபாரிகளாகிய நாம் வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான். கடையில் வேலை பார்க்கும் குடிமகனுக்கு மாதாமாதம் தவறாமல் மத்திய சேமநிதி கட்டுகிறோம். கட்டாவிட்டால் அபராதம் வரும் என்று தெரியும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு யார் கட்டுகிறார்கள்? சொந்த வியாபாரம் செய்பவருக்கு, செலவு போக நிகர வியாபார வருமானம் வருஷத்துக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால், மெடிசேவ் கட்டுவது சட்டப்படி கட்டாயம். வயதையும் வருமானத்தையும் பொறுத்து விகிதம் மாறும். 50 வயதுக்கு மேற்பட்டவருக்கும் அதிகபட்சம் நூற்றுக்கு 10.5 தான். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் வங்கி வழி தவணையிலும் கட்டலாம். அப்படியிருந்தும், சந்தாவை வரியைப் போல எண்ணி ஒதுக்கி வைப்பவர்கள் நம்மில் உண்டு. இன்னொரு வகையினரும் உண்டு. பெயர் சொல்ல மாட்டோம். லாபத்தைக் கணக்கில் குறைத்துக் காட்டுவது கெட்டிக்காரத்தனம் என்று அவர்கள் எண்ணினார்கள். குறைந்த லாபத்துக்குக் குறைந்த மெடிசேவ்தானே! இருபது வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நின்று, மெடிசேவில் இருப்பு எவ்வளவு என்று கேட்கும்போது அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் விலை தெரிகிறது. சட்டத்தை மீறியது வேறு. ஏமாற்றப்பட்டது தன் சொந்தக் கிழவயதே.

விட்டதைச் சற்றேனும் பிடிக்க இப்போது ஒரு வழி ஏற்பட்டிருக்கிறது. 2026 முதல் 2030 வரை, 55 முதல் 70 வயது வரையுள்ள, மெடிசேவில் இருப்புக் குறைந்த குடிமக்கள் கணக்கில் ரொக்கமாகப் பணம் போட்டால், வருஷத்துக்கு 1,000 வெள்ளி வரை சர்க்காரும் வெள்ளிக்கு வெள்ளி போடும். தாமே போடலாம், பிள்ளைகளும் போடலாம். வருமானமும் வீட்டின் மதிப்பும் பார்க்கப்படும். ஆகவே எல்லோருக்கும் கிடைக்காது. தகுதி உள்ளவருக்கோ, போட்ட முதல் அன்றே இரட்டிக்கிறது. வேறு எந்தச் சரக்கில் இப்படி நடக்கும் என்று நம் முதலாளிமார்கள்தாம் சொல்ல வேண்டும்.

மெடிசேவ் 1984இல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்சூரன்ஸ் 1990இல் மெடிஷீல்டு என்ற பெயரில் வந்து, 2015 நவம்பர் 1 முதல் மெடிஷீல்டு லைஃப் ஆயிற்று. பழைய திட்டத்தில் வயது வரம்பு இருந்தது. முன்பே நோய் உள்ளவர் விலக்கப்படலாம். புதியதில் அந்த இரண்டு தடைகளும் இல்லை. எல்லாக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும், எவ்வளவு வயதானாலும், என்ன நோய் இருந்தாலும், உயிருள்ள வரை இதில் அடக்கம். சந்தா மெடிசேவிலிருந்து தானே எடுக்கப்படும். பெற்றோரின் கணக்கில் பணம் இல்லையென்றால் பிள்ளைகள் தம் மெடிசேவிலிருந்து கட்டலாம்.

ஆனால் வியாபாரி இதில் இரண்டு சங்கதிகளைக் கவனிக்க வேண்டும். மெடிஷீல்டு லைஃப், சர்க்கார் ஆஸ்பத்திரியின் பி2, சி வார்டுகளின் செலவை அளவாக வைத்துத் திட்டமிடப்பட்டது. ‘முதலாளியை சி வார்டில் போட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்று ஏ வார்டில் சேர்த்துவிட்டு, பில் வந்ததும் அந்த நாலு பேரிடமே கடன் கேட்ட குடும்பத்தை நாம் அறிவோம். வைத்தியத்தின் தரம் ஒன்றே; குளிர்சாதனம், தனியறை போன்ற வசதிகளில்தான் வித்தியாசம். மற்றது, ஊருக்குப் போய் ஆறு மாதம் தங்குகிறவர்களுக்கு. மதுரையிலோ சென்னையிலோ ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தச் செலவை மெடிஷீல்டு லைஃப் ஏற்காது. போகுமுன் பிரயாண இன்சூரன்ஸைப் பற்றி விசாரித்துக்கொள்க. மாத்திரையைப் போதிய அளவு வாங்கிச் செல்க.

பெரிய பில்லைக் கண்டதும் வீட்டு நகையை அடகுக் கடைக்கு எடுத்துச் செல்பவர்களுக்கும் ஒரு சொல். பில் உங்கள் கைக்கு வருமுன்பே, வார்டில் இருக்கும்போதே, மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று நர்ஸிடம் கேளுங்கள். சலுகை, மெடிசேவ், மெடிஷீல்டு எல்லாம் கழிந்த பின்னும் கட்ட முடியாமல் நிற்கும் குடிமக்களுக்காக, 1993இல் 20 கோடி வெள்ளி முதலீட்டில் மெடிஃபண்ட் ஏற்படுத்தப்பட்டது. அதற்கு வழி அந்த ஊழியர்தான். ‘ஜகாத் கொடுத்த கை, இன்று நீட்டுவதா?’ என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். அந்த மானத்தை நாம் மதிக்கிறோம். ஆனால், சாஸ் சலுகையும் தலைமுறை அட்டையும் யாரும் இரங்கிப் போடும் காசு அல்ல. அவர் நாற்பது வருஷம் இந்நாட்டில் வரி கட்டி, வாடகை கட்டி, நாலு பேருக்கு வேலை கொடுத்ததன் பேரில் வரும் பாக்கி. மெடிஃபண்டோ, தேவை உண்மையாகவே வந்தவனுக்கு உரியது. தேவை வந்தவன் கேட்பது குற்றமன்று என்பதை நம் மார்க்கம் அறிந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அன்றாட வைத்தியம் எளிது; சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய நம்மவர்களின் மூன்று பழைய கூட்டாளிகளுக்கும் சாஸ் கிளினிக்குகளில் சலுகை உண்டு. 2019 நவம்பர் முதல், நீடித்த நோயுள்ள குடிமக்கள் அனைவருக்கும், வருமானம் எதுவானாலும், ஏதாவதொரு நிற அட்டை உண்டு. 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் ஒரே குடும்ப டாக்டரிடம் பதிந்துகொள்ளலாம். முதல் ஆலோசனை இலவசம். டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளவரை எல்லோரும் தேர்ந்தெடுக்கிறார்கள். வியாபாரிகளுக்கு நாம் சொல்வது, கடைக்குப் பக்கத்தில் உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள் என்பதே. வீட்டுப் பக்கத்துக் கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருந்ததுண்டா? வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் முதியோர் கூடும் துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் பல இருக்கின்றன. ‘அங்கே தமிழ் பேச ஆள் இல்லை’ என்று நம்மவர் போவதில்லை. அதில் உண்மை உண்டு. நாலு பேராகச் சேர்ந்து போனால் ஆள் இருப்பார்கள்.

இதுவரை சொன்னது நோய்க்கு. நோய் தீர்ந்த பின்னும் படுக்கையை விட்டு எழாத நாட்கள் இருக்கின்றனவே, அவைதாம் குடும்பத்தைக் கரைப்பவை. அந்தச் செலவை மெடிஷீல்டு ஏற்காது. அதற்கு வேறு கணக்கு. 2002இல் எல்டர்ஷீல்டு என்ற திட்டம் வந்தது. வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். நம்மில் எத்தனையோ பேர் சந்தாவை மிச்சப்படுத்த விலகிக்கொண்டார்கள். 2020 அக்டோபர் முதல் அதன் இடத்தில் கேர்ஷீல்டு லைஃப் வந்திருக்கிறது. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் என்ற ஆறில் மூன்றைப் பிறர் துணையின்றிச் செய்ய முடியாதவருக்கு, அந்நிலை நீடிக்கும் வரை மாதாமாதம் ரொக்கம் கிடைக்கும். தொடக்கத்தில் 600 வெள்ளியாக இருந்த தொகை ஆண்டுதோறும் உயர்ந்துவருகிறது. 1980ஆம் வருஷமோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்கு இது கட்டாயம். 1979ஆம் வருஷம் வரை பிறந்தவர்கள் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். எதுவென்று பார்த்துக்கொள்ள வேண்டும். சேர விரும்புவோர் கடுமையாக முடங்குவதற்கு முன்பே சேர வேண்டும். நம் சில்லறைக் கடைப் பெரியவர் 2002இல் விலகியவர், புதியதிலும் சேரவில்லை. அவர் விழுந்த பின் மகன் விசாரித்தார், வழி அடைந்துவிட்டது. சொந்த மெடிசேவில் இருப்பு இருந்தால், இவ்வாறு முடங்கியவர் மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கலாம்; இருப்பு எவ்வளவு என்பதைத்தான் மேலே சொல்லிவிட்டோமே. வீட்டில் வைத்துப் பராமரிப்போருக்கான மாதாந்தர மானியம் ஒன்று 2019 முதல் உண்டு. அவர் குடும்பத்துக்கு இப்போது கிடைப்பது அதுதான்.

அந்தக் குடும்பத்துக்கு வந்த இன்னொரு கஷ்டம், பணம் இல்லாததால் அல்ல; இருந்த பணத்தைத் தொட முடியாததால். கடையின் வங்கிக் கணக்கு பெரியவர் ஒருவர் கையெழுத்தில் இருந்தது. பக்கவாதத்தால் அவருக்குப் பேச்சு மட்டுமல்ல, தீர்மானம் செய்யும் திறனும் போய்விட்டது என்று டாக்டர் எழுதினார். சரக்கு போட்டவர்கள் வாசலில் நிற்கிறார்கள், வாடகை பாக்கி, பணமோ வங்கியில் பத்திரமாக இருக்கிறது! பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போய், தந்தையின் சார்பில் செயல்படும் உரிமையைக் கேட்டு வாங்க மாதங்கள் ஆயின. வக்கீல் செலவு வேறு.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு பத்திரம் போதும். ‘லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி’ எனப்படும் நீண்டகால அதிகாரப் பத்திரம் அது. 2010 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும்போது, பிற்காலத்தில் அது தவறினால் தம் உடல்நலத்தையும் சொத்தையும் பற்றி யார் முடிவு செய்வது என்று நாமே எழுதி வைக்கலாம். அதற்கெனத் தகுதி பெற்ற டாக்டரோ, வக்கீலோ, மனநல மருத்துவரோ சான்றளிக்க வேண்டும். நம்மவர்கள் இதை வசிய்யத் என்றும், வாரிசுப் பங்கைக் குறுக்கே மறிப்பது என்றும் தவறாக எண்ணி ஒதுக்குகிறார்கள். அது பிழை. இந்தப் பத்திரம் எழுதியவர் உயிரோடு இருக்கும் வரைதான் செல்லும். கண்ணை மூடிய அன்றே முடிந்துவிடும். பராயிள் பங்கீடு அதன்பின் அதன் வழியே நடக்கும். நியமிக்கப்பட்டவர் பாதுகாவலரே தவிர, சொத்துக்கு உரியவர் அல்லர். மூத்த மகனை நியமித்தால் இளையவன் கோபிப்பான் என்ற கவலை உள்ளவர்கள் இருவரையும் சேர்த்தே நியமிக்கலாம். இருவரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டுமா, தனித்தனியாகவும் செய்யலாமா என்பதையும் எழுதி வைக்கலாம். கூட்டு வியாபாரம் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

மேற்சொன்ன பெரியவர் இப்போது சக்கர நாற்காலியில் உட்காருகிறார். கடையை மகன் நடத்துகிறார். ஒரு மாலை நாம் போயிருந்தபோது, பெரியவர் இடக் கையால் இழுப்பறையைக் காட்டி ஏதோ சொல்ல முயன்றார். “அத்தா, எல்லாக் கடுதாசியையும் பிரிச்சுப் பார்த்தாச்சு” என்றார் மகன். அவர் தலையசைத்தார்.

நம் சங்கத்தில், ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் இந்தக் கடிதங்களைப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகிறவர்கள் அடையாள அட்டையையும், கடைசியாக வந்த வருமான வரிக் கணக்கையும், பிரித்ததும் பிரிக்காததுமான கடிதங்கள் எல்லாவற்றையும், தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். கைத்தொலைபேசியில் சிங்பாஸ் பார்க்கத் தெரிந்த மகனையோ மகளையோ கூட அழைத்து வாருங்கள். சிங்பாஸ் ரகசியச் சொல்லை மட்டும் எங்களிடம் உட்பட எவரிடமும் சொல்ல வேண்டாம். கடையில் மாற்று ஆள் இல்லாதவர்கள் முன்கூட்டித் தெரிவித்தால் நாங்களே கடைக்கு வருகிறோம். பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் குறைவாகத்தானே இருக்கும்?